ஒரே பயணச்சீட்டு, இரு வேறு பணிநிலைகள்: கோல்கன் 3407 நிகழ்வு ஆய்வு

2009 பிப்ரவரி 12 அன்று இரவு 9.18 மணிக்கு, நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் விமான நிலையத்திலிருந்து கான்டினென்டல் கனெக்‌ஷன் 3407 என்ற விமானம் புறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, பஃபலோவில் தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, அது கிளாரன்ஸ் சென்டர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் உயிரிழந்தனர். பயணிகள் வாங்கிய சீட்டில் கான்டினென்டல் என்ற பெயர்தான் இருந்தது. விமானத்தின் மேல் பூசியிருந்த வண்ணமும் அந்த நிறுவனத்துடையதே. ஆனால் விமானத்தை இயக்கியது, விமானிகளை வேலைக்கு எடுத்தது, பயிற்சி கொடுத்தது, சம்பளம் வழங்கியது எல்லாம் கோல்கன் ஏர் என்ற வேறொரு நிறுவனம். அந்த நிறுவனம் 2007 முதல் பினாக்கிள் என்ற இன்னொரு குழுமத்தின் கையில் இருந்தது.

வெவ்வேறு நிறுவனங்களில் விமானிகளின் பணிநிலையை ஒப்பிட முனைபவர்கள் பெரும்பாலும் மணிக்கு எவ்வளவு ஊதியம், எத்தனை ஆண்டில் கேப்டன் பதவி, மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு என்ற அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அட்டவணை தேவையானதுதான். ஆயினும் பணிக்கு முந்தைய இரவில் விமானி எங்கே உறங்கினார், அந்த அறைக்கு வாடகை கொடுத்தது யார், உடம்புக்கு முடியவில்லை என்று அவரால் தயக்கமின்றிச் சொல்ல முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் விடை கிடைப்பதில்லை. இந்த மூன்றுக்கும் ஆவணச் சான்றோடு விடை தரும் நிகழ்வாக 3407 அமைந்திருப்பதால், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அதை விரிவாகப் படிப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

விபத்துக்கு முந்தைய இரவு

துணை விமானிக்கு வயது 24. சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் வசித்துவந்தார். பணித்தளமோ நாட்டின் மறு கோடியில் உள்ள நியூவர்க். பிப்ரவரி 11 மாலை சியாட்டிலில் ஒரு சரக்கு விமானத்தின் உபரி இருக்கையில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் மெம்ஃபிஸில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு சரக்கு விமானத்தில் ஏறி, மறுநாள் காலை ஆறரை மணிவாக்கில் நியூவர்க் வந்து சேர்ந்தார். வேறு நிறுவனங்களின் விமானங்களில் இப்படிக் கட்டணமின்றிப் பயணம் செய்வது அமெரிக்க விமானிகளிடையே நெடுநாளைய வழக்கம். உட்கார்ந்த நிலையில் துண்டு துண்டாகக் கண்ணயர்ந்ததைத் தவிர, அந்த இரவில் அவருக்குப் படுக்கை என்று ஒன்று வாய்க்கவில்லை. பணிக்கு வரவேண்டிய நேரம் பிற்பகல் 1.30. இடைப்பட்ட பொழுதை அவர் விமான நிலையத்தில் உள்ள ஊழியர் அறையில் கழித்தார்.

கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில், தம்பா நகருக்கு அருகில். வயது 47. முந்தைய நாள் பிற்பகலிலேயே அவருடைய பணி முடிந்துவிட்டது. அடுத்த பணி மறுநாள் பிற்பகலில். இடையில் ஏறக்குறைய 22 மணி நேரம் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் தாராளமான ஓய்வு. ஆனால் அந்த இரவை அவரும் நியூவர்க் ஊழியர் அறையிலேயே கழித்திருக்கிறார். அதிகாலை 3.10 மணிக்கும் காலை 7.26 மணிக்கும் அவர் நிறுவனத்தின் பணி அட்டவணைக் கணினியில் நுழைந்ததற்குப் பதிவு இருக்கிறது. அவருடைய உறக்கம் தொடர்ச்சியானதாக இருந்திருக்க முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஊழியர் அறை எப்படிப்பட்டது என்பதைப் புலனாய்வு அறிக்கை விவரிக்கிறது. சோஃபாக்களும் சாய்வு நாற்காலிகளும் போட்ட பொது அறை அது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், விளக்கு எரியும், பேச்சுச் சத்தம் இருக்கும். அங்கே இரவு தங்கி உறங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. விதி இருந்தும் ஆட்கள் அங்கேதான் உறங்கினார்கள். நியூவர்க்கைப் பணித்தளமாகக் கொண்ட 137 கோல்கன் விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்கள் என்றும், 49 பேரின் வீடு 400 மைலுக்கு அப்பால் என்றும், அவர்களில் 29 பேரின் வீடு 1,000 மைலுக்கும் அப்பால் என்றும் அறிக்கை பதிவு செய்கிறது. இத்தனை பேரின் வாழ்க்கை இந்த வகையில் அமைந்திருக்கும்போது, அதை இரண்டு பேருடைய பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

அவர்கள் ஏன் நியூவர்க்கில் குடியிருக்கவில்லை? துணை விமானியின் ஆண்டு வருமானம் 16,000 டாலரை ஒட்டியது என்று 2009 மே மாதம் நடந்த பொது விசாரணையில் முதலில் சொல்லப்பட்டது. நிறுவனம் பின்னர் அதை ஏறக்குறைய 24,000 டாலர் என்று திருத்தியது. எந்த எண்ணைக் கொண்டாலும், நியூயார்க் பெருநகரப் பகுதியில் தனியாக ஒரு வீடு எடுத்து வாழ அது போதாது. அவர் சில காலம் ஒரு காப்பிக் கடையிலும் வேலை பார்த்தார் என்ற செய்தி அந்த விசாரணையில்தான் வெளியானது. 70 பேருக்கு மேல் ஏற்றும் விமானத்தின் வலப்புற இருக்கையில் அமர்பவர், வாடகைக்காக இன்னொரு வேலை தேடிய நிலை அது. பணித்தளத்தில் தங்கும் செலவு விமானியுடையது. வெளியூரில் இரவு தங்க நேர்ந்தால் மட்டுமே நிறுவனம் ஓட்டல் அறை கொடுக்கும். அன்று இரவு பஃபலோவில் அவர்களுக்காக அறை காத்திருந்தது. நியூவர்க்கில் இல்லை.

அவருக்கு உடம்பும் சரியில்லை. விமானி அறைக் குரல்பதிவில் மூக்குறிஞ்சும் ஒலி கேட்கிறது, கொட்டாவியும் பதிவாகியிருக்கிறது. காற்று பலமாக வீசியதால் அன்று அவர்களுடைய முதல் இரண்டு பயணங்களும் ரத்தாயின. பிற்பகலில் பணிக்கு வந்தவர்கள் இரவு 7.45 மணிக்குத்தான் வாயிலை விட்டு நகர்ந்தார்கள், அதன் பின்னும் ஓடுபாதைக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். அந்த நெடிய காத்திருப்பில் துணை விமானி கேப்டனிடம் சொன்னவை பதிவில் உள்ளன: வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் புறப்பட்டே வந்திருக்க மாட்டேன், இப்போது முடியவில்லை என்று சொன்னால், குணமாகும்வரை சொந்தக் காசில் ஓட்டலில் தங்கவேண்டி வரும். நோய் விடுப்பு என்ற உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்துவதற்கு ஆகும் செலவை அவரால் தாங்க முடியவில்லை.

28 நாட்களுக்கு முன் நடந்தது

அதே ஆண்டு ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து புறப்பட்ட யுஎஸ் ஏர்வேஸ் 1549, காட்டு வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களையும் இழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் உயிர் பிழைத்தனர். கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கருக்கு 19,000 மணி நேரத்துக்கு மேலும், துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸுக்கு 15,000 மணி நேரத்துக்கு மேலும் பறந்த அனுபவம் இருந்தது. கோல்கன் கேப்டனுக்கு மொத்தம் 3,379 மணி நேரம். அதில் அந்த வகை விமானத்தில் 111 மணி நேரம் மட்டுமே. துணை விமானிக்கு 2,244.

இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒன்று பட்டப்பகலில் பறவை மோதியதால் நேர்ந்தது. மற்றொன்று பனிப்படலம் உறையும் இரவில் வேகம் குறைவதைக் கவனியாததால் நேர்ந்தது. சூழ்நிலைகள் ஒன்றல்ல. ஆனால் இரு விமானி அறைகளுக்கும் இடையே இருந்த இடைவெளி, ஒரு தொழிலுக்குள் இரண்டு வகுப்புகள் உருவாகியிருந்ததைக் காட்டியது. மூத்த நிறுவனத்தில் பல பத்தாண்டு நிலைத்தவர்கள் ஒரு பக்கம். தொழிலில் நுழைந்து மேலே ஏறும் ஏணியின் முதற்படியில், கிடைத்த சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு நிற்பவர்கள் மறு பக்கம். நம் ஊர்த் தொழிற்சாலை வாயிலில் ஒரே சீருடை அணிந்து நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் உள்ளே போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மேல் வகுப்பும் செழிப்பாக இருந்தது என்று கொள்ளக் கூடாது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் பாதுகாப்பு கோரின. யுஎஸ் ஏர்வேஸ் 2002இலும் 2004இலும், யுனைடெட் 2002இலும், டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005இலும் நீதிமன்றப் படியேறின. 2009 பிப்ரவரி 24 அன்று, கிளாரன்ஸ் சென்டர் விபத்து நடந்து இரண்டு வாரம்கூட முடியாத நிலையில், சல்லன்பெர்கர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தன் ஊதியம் 40 விழுக்காடு வெட்டப்பட்டதையும், ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு அதன் இடத்தில் அரசுக் காப்பீட்டு அமைப்பின் சொற்பத் தொகை வந்ததையும், தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்பதையும் அவர் அங்கே கூறினார். நாடே கொண்டாடிய மனிதர், அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே இதைச் சொல்லத் துணிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இடைவெளி உருவான விதம்

பெரிய நிறுவனங்கள் சிறு நகரங்களுக்கான பயணங்களைத் துணை நிறுவனங்களுக்குக் குத்தகையாகக் கொடுத்தன. பயணச்சீட்டு விற்பதும் விலை வைப்பதும் பெரிய நிறுவனம். விமானத்தையும் ஊழியரையும் கொண்டு பயணத்தை நடத்திக் கொடுப்பது சிறு நிறுவனம். நடத்திய பயணங்களின் எண்ணிக்கைக்கும் மணிநேரத்துக்கும் ஏற்ப அதற்குப் பணம் கிடைக்கும். எரிபொருள் செலவு பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். விமானத்தின் விலையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஒரு சிறு நிறுவனம் மற்றொன்றை விடக் குறைந்த விலைக்குக் குத்தகை கேட்கவேண்டுமானால், அது கைவைக்கக்கூடிய பெரிய செலவு ஊழியர் சம்பளமாகவே எஞ்சியது. கோல்கனில் விமானிகளுக்குச் சங்கமே இல்லாதிருந்து, விபத்துக்கு இரண்டு மாதம் முன்புதான், 2008 டிசம்பரில், அவர்கள் விமானிகள் சங்கத்தில் சேர வாக்களித்திருந்தார்கள். புதிய ஊதிய ஒப்பந்தம் பேசி முடிக்க அவர்களுக்குக் காலம் வாய்க்கவில்லை. அப்போது அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதி இத்தகைய நிறுவனங்களால் நடத்தப்பட்டன.

பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து, குத்தகைக்குப் போகும் விமானங்களின் இருக்கை எண்ணிக்கைக்கு ஒப்பந்தத்தில் வரம்பு கட்டின. முதலில் 50 இருக்கை, பிறகு 70, பிறகு 76 என்று திவால் காலத்தில் அந்த வரம்பு விரிந்துகொண்டே போனது. தம் சொந்த வேலையைக் காப்பாற்ற எழுப்பிய சுவர் அது. சுவருக்கு அப்பால் இருந்த இளையவர்களின் நிலையைச் சீர்செய்ய அது உதவவில்லை. சங்கத்தின் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. திவால் நீதிமன்றத்தின் நிழலில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

பணிமூப்பு முறையையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்க நிறுவனங்களில் எந்த விமானம், எந்தப் பணித்தளம், எந்த மாத அட்டவணை, எப்போது விடுப்பு என்பவை எல்லாம் சேர்ந்த தேதியின் வரிசைப்படியே தீர்மானமாகும். ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்குப் போனால், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும். இதனால், நிலைமை பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்ற பதில் விமானிகளுக்குப் பொருந்துவதில்லை. நிறுவனம் ஒரு பணித்தளத்தை மூடி இன்னொன்றைத் திறந்தால், வரிசையின் அடியில் இருப்பவர் குடும்பத்தை இடம்பெயர்த்துக்கொண்டு ஓடவேண்டும், அல்லது தொலைவிலிருந்து வந்துபோக வேண்டும். எப்போது அழைத்தாலும் வரவேண்டிய தயார்நிலைப் பணியும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும்.

ஊதியக் கணக்கிலும் வெளியாருக்குப் புரியாத ஒரு நுணுக்கம் உண்டு. மணிக்கு இத்தனை டாலர் என்று சொன்னால், அது பணிக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து, சேருமிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரமே கணக்கு. முன்னேற்பாடு, விமானத்தைச் சுற்றிப் பரிசோதிப்பது, இரு பயணங்களுக்கு இடையே காத்திருப்பது எதுவும் அதில் சேராது. மாதத்துக்குச் சுமார் 75 மணி நேரம் என்று ஒரு குறைந்தபட்ச உறுதி இருக்கும். மணிக்கு 24 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 21,600 டாலர் வரும். வீட்டை விட்டு வெளியே இருக்கும் மொத்த நேரத்தால் இதை வகுத்துப் பார்த்தால் எஞ்சுவது மிகச் சிறிய தொகை. இரு நிறுவனங்களின் மணிக்கூலியை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அறிக்கையின் முடிவும் அதில் எழுந்த மாற்றுக் கருத்தும்

விபத்தைப் புலனாய்வு செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 பிப்ரவரி 2 அன்று தன் இறுதி அறிக்கையை ஏற்றது. நிகழ்ந்தது இதுதான்: தரையிறங்கத் தயாரான நிலையில் வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. 131 நாட் (மணிக்குச் சுமார் 243 கிலோமீட்டர்) வேகத்தில், கட்டுப்பாட்டுத் தண்டை உலுக்கி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் இயங்கியது. அந்த எச்சரிக்கைக்கு விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டவேண்டும். கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். இறக்கைகள் தாங்குதிறனை இழந்தன. எச்சரிக்கைக்குக் கேப்டன் காட்டிய தவறான எதிர்வினையே விபத்துக்குச் சாத்தியமான முதன்மைக் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. வேகத்தைக் கண்காணியாதது, குறைந்த உயரத்தில் பணிக்குத் தொடர்பற்ற உரையாடலைத் தொடர்ந்தது, கேப்டன் பயணத்தை முறையாக நிர்வகிக்காதது, பனி உறையும் சூழலில் வேகத்தைத் தேர்வதற்கான நிறுவன நடைமுறை போதாமல் இருந்தது ஆகிய நான்கும் துணைக்காரணங்களாகக் குறிக்கப்பட்டன.

களைப்பு அந்த வரிசையில் இடம்பெறவில்லை. இருவரின் செயல்திறனும் களைப்பால் குன்றியிருக்கக்கூடும் என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் அது எந்த அளவுக்குத் தவறுகளுக்குக் காரணமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டது. அப்போதைய வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன், களைப்பும் துணைக்காரணமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று தனிக் கருத்து பதிவு செய்தார். என் மதிப்பீட்டில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. களைப்பை இரத்தப் பரிசோதனையில் அளந்து காட்ட முடியாது என்பதால் அது ஐயத்தின் பயனை எப்போதும் பெற்றுவிடுகிறது. 2004 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் அருகே, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் துணைச் சேவையாகப் பறந்த ஒரு சிறு விமானம் விழுந்து 13 பேர் இறந்தபோது, விமானிகள் அன்று 14 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருந்ததையும் அது அவர்களுடைய ஆறாவது பயணம் என்பதையும் கொண்டு, களைப்பும் பங்களித்திருக்கலாம் என்று இதே வாரியம் எழுதியது. அங்கே பணிநேரம் தாளில் நீண்டிருந்ததால் களைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. 3407 விமானிகளின் களைப்பு பணிநேரத்துக்கு வெளியே, தாளில் ஓய்வு என்று எழுதப்பட்ட மணிகளுக்குள் சேர்ந்தது.

அதே வேளையில், கேப்டனின் திறமை பற்றிய கேள்வியையும் மறைக்கக் கூடாது. தன் தொழில்வாழ்வில் பல தேர்வுப் பறப்புகளில் அவர் தோற்றிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது அவை அனைத்தையும் தெரிவிக்கவில்லை. தண்டைத் தானாக முன்தள்ளும் பாதுகாப்புக் கருவி இயங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதை சிமுலேட்டரில் செய்து பார்க்கும் பயிற்சியும் அவருக்குக் கிடைக்கவில்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் யாரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது, தேர்ந்தெடுத்தவருக்கு எவ்வளவு பயிற்சி தர மனம் வைக்கிறது என்பதும் பணிநிலையின் ஒரு பகுதியே.

சட்டம் மாறியது

இறந்தோரின் குடும்பத்தினர் அமைப்பாகத் திரண்டு, வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் பயணம் செய்து, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகக் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதன் விளைவாக 2010 ஆகஸ்ட் 1 அன்று புதிய விமானப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. துணை விமானிக்கும் முழு நிலை விமான உரிமம் வேண்டும், அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 250 மணி நேர அனுபவத்தோடு வலப்புற இருக்கையில் அமர்வதைச் சட்டம் அனுமதித்தது. 3407இன் இரு விமானிகளும் 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் என்பது இந்த விதியைக் குறைகூறுவோர் வழக்கமாகச் சுட்டும் உண்மை. அந்த விதி அன்றைய விபத்தைத் தடுத்திருக்காது என்பது சரி. அது செய்த வேலை வேறு வகையானது என்பதைப் பின்னால் காண்போம்.

பணிநேரத்தையும் ஓய்வையும் பற்றிய புதிய விதிகள் 2012 ஜனவரியில் வெளியாகி, 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தன. பணி தொடங்கும் நேரத்தையும் பயணங்களின் எண்ணிக்கையையும் பொறுத்து நாளின் மொத்தப் பணிநேரம் 9 முதல் 14 மணி நேரத்துக்குள் வரையறுக்கப்பட்டது. இரண்டு விமானிகள் மட்டும் இருந்தால் பறக்கும் நேரம் 8 அல்லது 9 மணி. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் 8 மணி நேரம் இடையூறின்றி உறங்க வாய்ப்பு, வாரத்தில் தொடர்ச்சியாக 30 மணி நேர விடுதலை ஆகியவை கட்டாயமாயின. பழைய விதியில் ஓய்வை 8 மணி நேரம் வரை சுருக்க இடமிருந்தது. ஓட்டலுக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும். மனித உடலின் இரவு பகல் சுழற்சியை விதியின் அடிப்படையாக வைத்தது பெரிய முன்னேற்றம்.

ஆனால் சரக்கு விமானிகள் இந்த விதியிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களைச் சேர்த்தால் ஆகும் செலவு கிடைக்கும் நன்மையைவிட அதிகம் என்று கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்குக் காட்டியது. இந்த விலக்கு வெளியாகி ஒன்றரை ஆண்டு கழித்து, 2013 ஆகஸ்ட் 14 விடியற்காலையில், லூயிவில் நகரிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் 1354 சரக்கு விமானம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓடுபாதையை எட்டுமுன் மலைச்சரிவில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தனர். புறப்படுவதற்கு முன் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது இதே விலக்கைப் பற்றித்தான் என்பது குரல்பதிவில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு அளவுகோல் இருக்கவேண்டும் என்று கேப்டன் சொன்னார். அலாரம் அடித்தபோது மிகவும் களைப்பாக உணர்ந்ததாகத் துணை விமானி சொன்னார். ஓய்வுக்குக் கிடைத்த நேரத்தைத் துணை விமானி முறையாகப் பயன்படுத்தவில்லை என்றும் வாரியம் கண்டது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆயினும் ஒரே வானில், ஒரே ஓடுபாதையில், ஒரே இருளில் இறங்கும் இருவரில் ஒருவரின் உடலுக்கு ஒரு விதி, மற்றவரின் உடலுக்கு வேறு விதி என்று வைத்ததற்கு உடலியல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை.

சம்பளம் உயர்ந்த வழி

1,500 மணி நேர விதி, எண்ணியோ எண்ணாமலோ, தொழிலுக்குள் வரும் வாசலைக் குறுக்கியது. அந்த அனுபவத்தைச் சேர்க்கச் சிறு விமானங்களில் பயிற்சி கொடுத்தும் விளம்பரப் பதாகை இழுத்தும் ஆண்டுக் கணக்கில் உழைத்தவர், அதன் பிறகு 20,000 டாலர் வேலையை ஏற்கத் தயங்கினார். விமானத் துறையில் பட்டம் பெற்றவருக்கு 1,000 மணி நேரம், ராணுவத்திலிருந்து வந்தவருக்கு 750 மணி நேரம் என்று சலுகை இருந்தும் ஆள் கிடைக்கவில்லை. தகவல் கொடுத்த 12 துணை நிறுவனங்களில் 11, புதிய துணை விமானிகளை வேண்டிய அளவுக்குச் சேர்க்க முடியவில்லை என்று அரசின் தணிக்கை அமைப்பு 2014இல் அறிக்கை அளித்தது. ரிபப்ளிக் என்ற துணை நிறுவனம் 2016இல் திவால் பாதுகாப்புக் கோரியபோது விமானிப் பற்றாக்குறையைக் காரணங்களில் ஒன்றாகக் கூறியது. கோல்கன் ஏர் அதற்கு முன்பே, 2012இல், இயக்கத்தை நிறுத்தியிருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வுபெற்றதும் பற்றாக்குறை முற்றியது. 2022 ஜூனில் அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சொந்தமான துணை நிறுவனங்கள், தற்காலிகக் கூடுதல் தொகையையும் சேர்த்து, புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. முன்பு சொன்ன அதே 75 மணி நேரக் கணக்கில் இது ஆண்டுக்கு 81,000 டாலர். 2023இல் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 விழுக்காடு உயர்வுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அமெரிக்கனும் யுனைடெட்டும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. பாதுகாப்புக்காகச் சம்பளத்தை உயர்த்துங்கள் என்று விசாரணை அறைகளில் கெஞ்சியபோது அசையாத தொகை, ஆள் பற்றாக்குறையால் விமானங்கள் தரையில் நின்றபோது உயர்ந்தது. சம்பளத்தை உயர்த்திய காரணம் மறைந்தால் சம்பளமும் இறங்கக்கூடும் என்பதால், இந்த உயர்வை நிலையான சீர்திருத்தமாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

வெளியூரிலிருந்து வந்துபோவதை ஒழுங்குபடுத்தலாமா என்று ஆராய, நாடாளுமன்றத்தின் ஆணைப்படி தேசிய ஆய்வு மன்றம் குழு அமைத்தது. விதி வகுக்கப் போதிய தரவு இல்லை என்று அது 2011இல் முடிவு கூறியது. எனவே இன்றைய விதியில், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விமானி தான் பணிக்குத் தகுதியான நிலையில் இருப்பதாக உறுதி கூறிக் கையொப்பமிட வேண்டும். வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் பயணம் பணிநேரத்தில் சேராது. பணிநேரம் தொடங்குவது அவர் பணித்தளத்தில் வருகை தெரிவிக்கும் நொடியில். சில நாள் விடுப்புக்குப் பிறகு, இரவு முழுவதும் இரண்டு விமானங்களின் உபரி இருக்கைகளில் அமர்ந்து சியாட்டிலிலிருந்து வந்து, பிற்பகல் 1.30 மணிக்கு நியூவர்க்கில் வருகை தெரிவிக்கும் ஒரு துணை விமானி, அந்தப் பதிவேட்டின்படி இன்றும் முழு ஓய்வு பெற்றவரே.